ஓட்டையைப் பார்த்த நூறு வருஷம்
(மின்னணுவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர்)



பழைய மாணவர் கூட்டம் என்றால் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். முதல் அரை மணி ஹாஸ்டல் மெஸ் சாம்பார். அடுத்த அரை மணி, யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில். அதற்கப்புறம் நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டு சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் என்று ஆரம்பித்துவிடுவார்கள். சில வருஷங்களாக அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது: 'ஃபேட்டி லிவர்'. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1' என்று போட்டிருக்கும். "அது எல்லாருக்கும் இருக்கு சார், விடுங்க" என்பார் ஒருவர். "நான் குடிக்கிறதே இல்லையே, எனக்கு எப்படி வந்தது?" என்பார் இன்னொருவர்.

நான் டாக்டர் இல்லை. மின்னணுவியல் படித்துவிட்டு அளவீட்டுக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவன். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்கிறார்களே, அதை யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்?

அந்தச் சரித்திரத்தைத் தோண்டினால் வேடிக்கையான ஓர் உண்மை கிடைக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக, நோயாளியின் கல்லீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர்கள் பெரும்பாலும் கொழுப்பைப் பார்க்கவே இல்லை. கொழுப்பு இருந்த இடத்து ஓட்டையைத்தான் பார்த்தார்கள்! அந்த ஓட்டைக்குள் இருந்த பொருளை, சாயம் எதுவும் போடாமல், அது இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்க்க வழி செய்தது 1928-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மங்கலான ஒளி. அந்த ஒளி இந்த வேலைக்குப் பக்குவப்பட எண்பது வருஷம் பிடித்தது. அந்த எண்பது வருஷக் கதைதான் இது.

தேன் வடிந்த தேனடை

கல்லீரல் நம் உடம்பின் பெரிய சமையற்கட்டு. ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. சாப்பாட்டில் மிஞ்சிய சக்தியைக் கொழுப்பாக்கி, ரத்தத்தில் ஏற்றி, மற்ற இடங்களுக்கு அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. வரவு அதிகமாகி, அனுப்புவது குறைந்தால் சரக்கு குடோனிலேயே தேங்கிவிடும். கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அதை நோய்க் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இது புது வியாதி ஒன்றும் இல்லை. 1836-லேயே லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் தாமஸ் அடிசன் கல்லீரல் கொழுப்பேற்றத்தைப் பற்றி எழுதிவிட்டார். 1842-ல் வில்லியம் போமன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, கொழுப்பு கல்லீரல் செல்களுக்கு உள்ளேயே சேர்கிறது என்றார். அதெல்லாம் இறந்தவர்களின் கல்லீரல். உயிரோடு இருப்பவரிடமிருந்து ஊசியால் கல்லீரல் எடுத்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக், 1883-ல். ஆனால் அந்த முறை பரவலாக ஆனது 1958-க்கு அப்புறம்தான். இத்தாலியின் ஜோர்ஜோ மெங்கினி ஒரே விநாடியில் துணுக்கை எடுத்துவிடும் ஊசியை அந்த வருஷம் அறிமுகப்படுத்தினார்.

எடுத்த துணுக்கை என்ன செய்வார்கள்? அங்கேதான் கோளாறு. துணுக்கை ஃபார்மலினில் ஊறப்போட்டு, ஆல்கஹாலில் தண்ணீரை நீக்கி, ஸைலீனில் முக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதிப்பார்கள். மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடி மேல் வைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற இந்த வரிசை இன்றைக்கும் உலகம் முழுக்க உள்ள பாத்தாலஜி லேப்களின் அன்றாடச் சமையல் குறிப்பு. பிரமாதமான முறைதான், சந்தேகமில்லை. ஆனால் ஆல்கஹாலும் ஸைலீனும் எதைக் கரைக்கும்? கொழுப்பை! ஸ்லைடு டாக்டரிடம் போய்ச் சேரும்போது துளி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளை ஓட்டைதான் மிச்சம். தேனை வடித்துவிட்டு தேனடையைக் கொடுத்து, 'இதில் எவ்வளவு தேன் இருந்தது, அது என்ன தேன்?' என்று கேட்பதைப் போல.

டாக்டர்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 1896-லேயே சூடான் என்ற சிவப்புச் சாயத்தால் கொழுப்பை வண்ணம் ஏற்றிக் காட்டிவிட்டார்கள். பின்னால் ஆயில் ரெட் என்ற சாயம் வந்தது. ஆனால் இவற்றுக்கு மெழுகு ஆகாது. துணுக்கை உறையவைத்துச் சீவ வேண்டும். சாயத்தைக் கரைத்துத் தரும் ஆல்கஹாலே சின்னத் துளிகளைக் கலைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும். அப்படியும் சாயம் 'இங்கே கொழுப்பு இருக்கிறது' என்று சொல்லுமே தவிர, 'இன்ன கொழுப்பு' என்று சொல்லாது.

1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் குழுவினர் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்கள், ஆனால் கல்லீரல் மட்டும் குடிகாரர் கல்லீரல் மாதிரி கொழுப்பும் அழற்சியுமாக இருந்தது. அதற்கு அன்றைக்குச் சரியான பெயர்கூட இல்லை. 'மது சாராத' என்று ஒரு பெயர் வைத்தார்கள். 2016-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மது சாராத கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகக் கணக்கிட்டது. 20 பேரில் ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்! 2023-ல் பெயரையும் மாற்றினார்கள். குடியைக் குறிப்பிடுவதை விட்டு, சர்க்கரை, உடல் பருமன் போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துப் பெயரிட்டார்கள்.

இத்தனை பெரிய நோய்க்கு அளவுகோல் என்ன? 2005-ல் வகுத்த மதிப்பெண் முறைப்படி, ஸ்லைடைப் பார்க்கும் நிபுணர் கண்மதிப்பாகச் சொல்ல வேண்டும்: கொழுப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழேயா, 33 வரையா, 66 வரையா, அதற்கும் மேலேயா? அதாவது, ஓட்டைகளைப் பார்த்துப் போடும் மார்க். அந்தத் துணுக்கோ முழுக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஸ்லைடைப் பார்த்த அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போவது சுமாராகத்தான் இருக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கோடியில் ஒளிந்திருந்த ஒளி

இனி, டாக்டர்களை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் இயற்பியல் பக்கம் போவோம். 28 பிப்ரவரி 1928. கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். திருச்சி பக்கம் திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஒரு விஷயத்தை உறுதி செய்தார்கள். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வெளியே வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வருகிறது.

ஏன் மாறுகிறது? மூலக்கூறு என்பது சும்மா கிடக்கும் உருண்டை இல்லை. அதிலுள்ள அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டியது போல ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒளித்துகள் வந்து மோதும்போது அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வெளியேறுகிறது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எந்தப் பிணைப்பு ஆடியது என்று சொல்லிவிடலாம். அதாவது, மூலக்கூறின் கைரேகை. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987 முதல் பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. இந்த ஒளி படு பலவீனமானது. சிதறும் ஒளியிலேயே நிறம் மாறுவது ஏறக்குறைய கோடியில் ஒன்று. அந்தக் காலத்தில் பாதரச விளக்கை வைத்து, புகைப்படத் தகட்டை மணிக்கணக்கில் திறந்துவைத்து, கோடு விழுகிறதா என்று காத்திருப்பார்கள். பென்ஸீன் மாதிரி சுத்தமான திரவம் என்றால் சரி. குழம்பு மாதிரி எல்லாம் கலந்துகிடக்கும் கல்லீரலில் இதை வைத்துப் படம் எடுப்பது என்றால்?

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல லேசரும் நல்ல டிடெக்டரும் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு விநாடி போதும். படத்தில் 512-க்கு 512 புள்ளிகள் வேண்டும். மொத்தம் 2,62,144 விநாடி. அதாவது மூன்று நாள்! ஒரே ஒரு படத்துக்கு. அதற்குள் துணுக்கு கெட்டே போய்விடும்.

ஆகவே ராமன் ஒளி வேதியியல் லேப்களில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் அதைக் கூப்பிடவில்லை.

தற்செயலாக வந்த பலம்

1960-ல் கலிஃபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். ரூபி லேசர். இரண்டு வருஷம் கழித்து, 1962-ல், அதே ஹியூஸ் நிறுவனத்தில் உட்பரியும் இங்கும் ரூபி லேசரை வேகமாகத் திறந்து மூட நைட்ரோபென்ஸீன் நிரப்பிய ஒரு அடைப்பை அதில் பொருத்தியிருந்தார்கள். வெளியே வரும் ஒளியை அளந்தால் கணக்கு உதைத்தது. ரூபியின் 694 நானோமீட்டர் சிவப்போடு, அழைக்காத விருந்தாளியாக 767-ஐ ஒட்டி இன்னொரு ஒளி. அதுவும் கோடியில் ஒன்றாக இல்லை, கணிசமாக!

அது எங்கிருந்து வந்தது? நைட்ரோபென்ஸீன் மூலக்கூறின் ஆட்டத்திலிருந்து. ராமன் விளைவேதான், ஆனால் மகா பலத்தோடு. லேசர் ஒளியும் நிறம் மாறிய ஒளியும் ஒன்றாக மூலக்கூறின் மேல் விழும்போது, இரண்டாவது ஒளி முதல் ஒளியை மேலும் மேலும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதற்குத் தூண்டப்பட்ட ராமன் சிதறல் என்று பெயர் வந்தது.

தம்புராவில் இரண்டு தந்திகளை ஏறக்குறைய ஒரே சுருதியில் மீட்டினால் 'வொய்ங் வொய்ங்' என்று விம்மல் கேட்கும் அல்லவா? அந்த விம்மலின் வேகம் இரண்டு சுருதிகளுக்கும் உள்ள வித்தியாசம். அதே போலத்தான் இதுவும். இரண்டு லேசர் கற்றைகளின் அதிர்வெண் வித்தியாசத்தை, ஒரு வேதிப் பிணைப்பு இயற்கையாக ஆடும் வேகத்துக்குச் சரியாக வைத்துவிட்டால், ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ராமன் எஃபெக்டுக்கு முன்னால் வீணையையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்தவர் ராமன். அவருக்கு இந்த உவமை பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1965-ல் ஃபோர்டு கார் கம்பெனியின் ஆய்வகத்தில் மேக்கரும் டெர்ஹூனும் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விளைவை அளந்தார்கள். இரண்டு கற்றைகள் சேர்ந்து, நீலத்தின் பக்கம் தள்ளி, மூன்றாவதாக ஒரு புது நிறத்தை உண்டாக்கும். சுருக்கமாக 'கார்ஸ்' என்பார்கள். 1982-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டங்கன் குழுவினர் கார்ஸை மைக்ராஸ்கோப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆனால் அன்றைய லேசர்கள் அதற்குப் பக்குவப்படவில்லை. அதோடு அந்த முயற்சி பதினேழு வருஷம் தூங்கிவிட்டது. 1999-ல் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் ட்சும்புஷ், ஹோல்டம், சன்னி ஷீ மூவரும் கற்றைகளை ஒரே கோட்டில் வைத்து, லென்ஸால் இறுக்கிக் குவித்து, உயிருள்ள செல்லைப் படம் எடுத்துக் காட்டினார்கள். அந்தத் துறையே விழித்துக்கொண்டது.

கார்ஸில் கொழுப்புத் துளிகள் இருட்டில் அகல் விளக்கு மாதிரி பிரகாசமாகத் தெரியும். காரணம் எளிது. கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பு ஒன்று இருக்கிறது. அது விநாடிக்கு சுமார் 85 லட்சம் கோடி முறை ஆடும். ஸ்பெக்ட்ரம்காரர்கள் பாஷையில், ஒரு சென்டிமீட்டருக்கு 2845 அலை. ட்ரைகிளிசரைடு என்று ரிப்போர்ட்டில் பார்க்கிறோமே, அதன் ஒரு மூலக்கூறில் இப்படிப்பட்ட அடுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். துளிக்குள் அவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடினால் கேட்க வேண்டுமா?

ஆனால் கார்ஸுக்கு ஒரு குறை. பிணைப்பு ஆடாவிட்டாலும் பின்னணியில் கொஞ்சம் ஒளி வந்துகொண்டே இருக்கும். அது உண்மை சிக்னலோடு கலந்து கைரேகையை அழித்துவிடும். எவ்வளவு ஒளி வந்தால் எவ்வளவு கொழுப்பு என்று நேர்க்கணக்காகவும் சொல்ல முடியாது. அளவுகோல் வேண்டும் என்று தேடியவர்களுக்கு இது போதவில்லை.

லாரியில் ஒரு கிலோ வெல்லம்

இனி வருவது நம்ம ஏரியா. மின்னணுவியல் தம்பிகள் நிமிர்ந்து உட்காரலாம்!

தூண்டப்பட்ட ராமன் சிதறலில், ஒரு கற்றை இழப்பதை மற்றது பெறுகிறது. பின்னணிப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. கொழுப்பு இரண்டு மடங்கு என்றால் சிக்னலும் இரண்டு மடங்கு. அளவுகோலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இழப்பு மிகச் சின்னது. நல்ல கொழுப்புத் துளியிலேயே பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பத்து டன் லாரியை எடைமேடையில் நிறுத்தி, அதில் ஒரு கிலோ வெல்லம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. லேசரும் சும்மா இருக்காது. அதன் ஒளியே கூடிக் குறைந்து கொண்டிருக்கும். இன்ஜினை ஓடவிட்டு லாரியை எடை போடுவதற்குச் சமம்.

தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? ரேடார் காலத்திலிருந்து. இரண்டாம் உலகப்போர் நாட்களில் ராபர்ட் டிக்கி மெல்லிய நுண்ணலைச் சிக்னலைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்து, 1946-ல் வெளியிட்டார். அளக்க வேண்டியதை ஒரு குறிப்பிட்ட தாளத்தில் அணைத்து அணைத்து எரிய விடு. வெளியே வருவதில் அதே தாளத்தில் ஏறி இறங்குவதை மட்டும் எடுத்துக்கொள். மற்றதையெல்லாம் சராசரியில் கரைத்துவிடு. திருவிழாக் கூட்டத்தில் நண்பனைத் தேடும்போது, 'நான் விநாடிக்கு இரண்டு தடவை கை தட்டுவேன், அதைக் கவனி' என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது மாதிரி. லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்று நாம் லேபில் பார்க்கும் பெட்டி இந்தத் தத்துவத்தில் வேலை செய்வதுதான்.

2007-ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் ஒரு குழு தூண்டப்பட்ட ராமன் சிதறலை மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு, ஃப்ராய்டிகர், வெய் மின் முதலியோர், லாக்-இன் முறையைச் சேர்த்து அதை உண்மையான கருவியாக ஆக்கினார்கள். 1064 நானோமீட்டர் கற்றையை விநாடிக்கு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் விட்டுவிட்டு அனுப்பு. கூடவே 817 நானோமீட்டரை ஒட்டிய இன்னொரு கற்றையை விடாமல் அனுப்பு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேலே சொன்ன 2845. இரண்டாவது கற்றையில் முதல் கற்றையின் தாளத்தில் ஏதாவது குறைகிறதா என்று பார். குறைந்தால், அங்கே கொழுப்பு. லேசரின் தள்ளாட்டமெல்லாம் மெதுவான தாளத்தில்தான். அவ்வளவு வேகமான தாளத்தில் அது அமைதியாக இருக்கும். லாரி இன்ஜின் உறுமட்டும், நமக்கென்ன!

மூன்று நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டோமே, அந்தப் படம் விநாடிக் கணக்கில் வந்துவிட்டது. 2010-ல் அதே குழு வீடியோ வேகத்தில் எடுத்துக் காட்டியது. 1928-லிருந்து 2008. சரியாக எண்பது வருஷம்.

ஓட்டைக்குள் என்ன இருந்தது?

இப்போது கல்லீரலுக்குத் திரும்புவோம். ஆல்கஹால் இல்லை, ஸைலீன் இல்லை, சாயம் இல்லை. புதிதாக எடுத்த துணுக்கு அப்படியே லென்ஸுக்கு அடியில். 2845-ல் ஒரு படம்: கொழுப்பு. 2930-ஐ ஒட்டி இன்னொரு படம்: புரதம். இரண்டையும் கழித்துக் கூட்டினால் செல்லின் வரைபடம் தயார். அரை மைக்ரான் அளவு துளிகூடத் தெரியும். மெழுகு ஸ்லைடில் இத்தனை சின்னத் துளிகள் நுரை மாதிரி மங்கிப்போய் எளிதில் தப்பிவிடும்.

2011-ல் சிங்கப்பூரில் ஒரு குழு எலியின் கல்லீரலில் கொழுப்பைக் கார்ஸாலும், தழும்பு நாரான கொலாஜனை வேறொரு லேசர் முறையாலும் ஒரே துணுக்கில் படம் பிடித்தது. கொழுப்பு நோயில் ஆளைக் கொல்வது கொழுப்பு மட்டுமல்ல. அதைத் தொடர்ந்து வரும் தழும்புதான் கல்லீரலைக் கல்லாக்குகிறது. இரண்டும் எந்த இடத்தில், எவ்வளவு என்று சேர்த்துப் பார்க்க முடிந்தது பெரிய விஷயம்.

அடுத்த கேள்வி: என்ன கொழுப்பு? நெய்யும் நல்லெண்ணெயும் ஒன்றா? வெளியே ஒன்று உறைகிறது, ஒன்று உறைவதில்லை. காரணம், எண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அந்த இரட்டைப் பிணைப்பு 1655-ஐ ஒட்டித் தனியாக ஆடும். அதன் ஹைட்ரஜன் 3010-ஐ ஒட்டி. ஆகவே ஒவ்வொரு துளியிலும் நெய் ஜாதி எவ்வளவு, எண்ணெய் ஜாதி எவ்வளவு என்று ஒளியே கணக்குச் சொல்லும். செல் வளர்ப்புச் சோதனைகளில், பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற வகை செல்லை வாட்டி வதைக்கிறது. ஓலிக் அமிலம் கூட இருந்தால் அது துளிக்குள் அடங்கிவிடுகிறது. 2017-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெய் மின் குழுவினர், பால்மிட்டிக் அமிலம் செல்லின் உள் சவ்வுகளில் வனஸ்பதி மாதிரி உறைந்து திட்டுத் திட்டாக நிற்பதை இதே முறையில் படம் எடுத்தார்கள். துளி தெரிந்தால் பயம் என்று நினைத்திருந்தோம். சில சமயம் துளிதான் பாதுகாப்புப் பெட்டகம்; பெட்டகத்துக்குள் போகாத கொழுப்புதான் வில்லன். இதை ஓட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா சொல்லுங்கள்?

இன்னொரு சுவையான கிளைக்கதை. கல்லீரலில் இரண்டு விதமான கொழுப்புத் துளிகள் உண்டு. 1876-ல் ஜெர்மனியின் குப்ஃபர் தங்க உப்புச் சாயத்தில் நட்சத்திர வடிவச் செல்கள் சிலவற்றைப் பார்த்தார். பின்னால் அவரே அவற்றை வேறு செல்களோடு குழப்பிக்கொண்டார். 1950-களில் ஜப்பானின் இத்தோ, கொழுப்புத் துளி வைத்திருக்கும் ஒரு செல்லை விவரித்தார். 1971-ல் கென்ஜிரோ வாகே, இரண்டும் ஒன்றேதான், அந்தத் துளிகளில் இருப்பது வைட்டமின் ஏ என்று நிரூபித்து, நூறு வருஷக் குழப்பத்தைத் தீர்த்தார். கல்லீரல் அடிபடும்போது இந்தச் செல்கள் தங்கள் வைட்டமின் ஏ-யை இழந்துவிட்டு, தழும்பு நார் நெய்ய ஆரம்பித்துவிடும். அதாவது, ஒரு வகைத் துளி கூடுவதும் கெட்ட சகுனம், இன்னொரு வகைத் துளி குறைவதும் கெட்ட சகுனம். வைட்டமின் ஏ-க்கு 1595-ஐ ஒட்டித் தனிக் கைரேகை இருப்பதால், ராமன் ஒளி இரண்டையும் பிரித்துக் காட்டும். போலந்தின் யாகியெலோனியன் பல்கலைக்கழகக் குழு சுண்டெலிக் கல்லீரலில் இப்படிப்பட்ட வரைபடங்களை வரைந்திருக்கிறது.

இன்னும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

நியாயமான கேள்வி. மூளை விஷயத்தில் வந்துவிட்டது. 2017-ல் மிச்சிகன் குழு, மூளைக்கட்டி ஆபரேஷன் நடக்கும் தியேட்டருக்குள்ளேயே இந்த மைக்ராஸ்கோப்பை வைத்து வேலை செய்ததை வெளியிட்டது. 2020-ல் கம்ப்யூட்டரும் கைகொடுக்க, 278 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இரண்டரை நிமிஷத்துக்குள் பதில் வந்தது. வழக்கமான முறைக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும். துல்லியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கல்லீரலுக்கு இது மிகவும் தேவைப்படும் இடம் உறுப்பு மாற்று சிகிச்சை. தானமாக வந்த கல்லீரலில் பெரிய துளிக் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் போனால் சர்ஜன்கள் யோசிப்பார்கள். 60-க்கு மேல் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். அந்த முடிவை நடு ராத்திரியில், உறையவைத்துச் சீவிய ஸ்லைடைப் பார்த்து எடுக்க வேண்டும். உறையும்போது ஐஸ் போடும் ஓட்டையும் கொழுப்பு விட்ட ஓட்டை மாதிரியே இருந்து தொலைக்கும்! நல்ல கல்லீரலைக் கழித்துவிட்டால் காத்திருப்பவர் உயிர். கெட்டதைப் பொருத்திவிட்டாலும் அவர் உயிர். சரியான அளவுகோல் எவ்வளவு அவசியம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தடைகளும் உண்டு. இரண்டு துல்லிய லேசர்கள் விலை அதிகம், பராமரிக்க ஆள் வேண்டும். ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குக்கு மேல் போகாது. எனவே ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கும் தொல்லை இருந்துகொண்டேதான் இருக்கும். முழுக் கல்லீரலின் கொழுப்பை ஊசியில்லாமல் அளக்க எம்.ஆர்.ஐ. நன்றாகவே வேலை செய்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம் ஒன்று. உலகம் முழுக்க ஆஸ்பத்திரி அலமாரிகளில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த மெழுகுக் கட்டிகள் மலை மாதிரி இருக்கின்றன. புதுக் கருவியை வைத்து அந்தப் பழைய நோயாளிகளின் கொழுப்பை ஆராயலாம் என்றால், அந்தக் கட்டிகளில் துளியில் இருந்த கொழுப்பே இல்லை. கரைத்து ஊற்றியாகிவிட்டது. நாம் எப்படிப் பத்திரப்படுத்துகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் பேரப்பிள்ளைகள் எதைக் கண்டுபிடிக்க முடியும் என்பது தீர்மானமாகிறது. பொறியாளர்கள் மனசில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

2024 மார்ச்சில் இந்த நோய்க்கென்றே ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் முதன்முறையாக அனுமதி கிடைத்தது. ரெஸ்மெடிராம் என்று பெயர். அந்த மருந்து வேலை செய்கிறதா என்று தீர்மானித்ததும் துணுக்கு எடுத்து, ஸ்லைடைப் பார்த்து, மார்க் போட்டுத்தான். இனி வரப்போகும் மருந்துகளுக்கும் அளவுகோல் வேண்டும். மார்க் கண்மதிப்பாக இருக்கப்போகிறதா, கணக்காக இருக்கப்போகிறதா என்பதுதான் கேள்வி.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையில் ஒரு துறைக்காரர்கூடத் தனியாக ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கல்கத்தாவில் திரவத்தில் ஒளியைப் பார்த்தவர்களுக்குக் கல்லீரல் ஞாபகமே இல்லை. ஹியூஸ் கம்பெனியில் கணக்கு உதைத்தபோது அதைத் தூக்கிப் போடாமல் துருவிய இருவருக்கும் கொழுப்பைப் பற்றிக் கவலை இல்லை. ரேடார்காரருக்கு மைக்ராஸ்கோப்பைப் பற்றிக் கவலை இல்லை. மேயோ கிளினிக் டாக்டர்களுக்கு இவர்கள் யாரையும் தெரிந்திருக்க நியாயமில்லை. நான்கு வாய்க்கால் தனித்தனியாக ஓடி, 2008-ல் ஒரு மடையில் வந்து சேர்ந்தது.

அதனால் சொல்கிறேன். 'இந்தப் பேப்பர் எதுக்கு உதவும், பிளேஸ்மென்ட்டில் கேட்பாங்களா?' என்று நாமெல்லாம் கேட்டோம், நீங்களும் கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் மெல்லிய சிக்னலைச் சத்தத்திலிருந்து பிரிக்கும் அந்த ஒரு பாடம், கல்லீரலுக்காகக் காத்திருக்கும் ஒருவரின் ஆபரேஷன் டேபிள் வரைக்கும் போகிறது. விலை குறைந்த, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்குகிற லேசர் ஒன்றை, நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓடுகிற மாதிரி யாராவது செய்ய வேண்டியிருக்கிறது. திருவானைக்காவலிலும் வத்திராயிருப்பிலும் பிறந்தவர்கள் தொடங்கிவைத்த வேலை அது. மிச்சத்தை முடிக்கப் போகிறவர் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராக ஏன் இருக்கக்கூடாது?

வளர்க நம் கல்லூரி! வாழ்க அதன் பிள்ளைகள்!